பெருக்கும்போது பேசுகிறவர்

குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு கன்றுக்குட்டி வாங்கினதை, கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து, சமையலறை வாசலில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் அழகர்சாமி தன் மனைவியிடம் சொன்னார்.

"மொத மாசச் சம்பளம் வாங்குனேன்ல, அத வச்சு ஒரு கன்னுக்குட்டி வாங்குனேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த ராஜலட்சுமிக்குக் காபி தொண்டையிலேயே நின்றுவிட்டது. "கன்னுக்குட்டியா? நீங்களா? ஒரே ரூம்ல ஆறு பேரு கெடந்தோம்னு அன்னைக்குப் பெருக்கும்போது சொன்னீங்களே, அங்கயா கொண்டுபோனீங்க?"

"ஆமா."

"எதுக்குங்க?"

அவர் குப்பையை முறத்தில் ஏற்றினார். பதில் வரப்போகிற நேரம் பார்த்துத் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்று விளக்குமாற்றை மூலையில் சாத்திவிட்டு, சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டார். மனுஷன் இப்படியா ஒருத்தியைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது!

அழகர்சாமிக்கு சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஃபிட்டர். இளவட்டமாக வந்தவர், இங்கேயே வீடு கட்டி, இங்கேயே தலை நரைத்துவிட்டார். நல்ல மனுஷன், ஒரு சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அதுதான் ராஜலட்சுமிக்குக் குறையே. முதல் சொல்லே வந்தால்தானே மறுசொல் வருவதற்கு? சரியான கல்லுளிமங்கன். "சோறு வையி", "சாவி எங்க", "புள்ள வந்துட்டாளா" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதையும் அவள் பிடுங்கியதில்லை. ஆரம்பத்தில் கோபப்பட்டாள், அழுதாள், பிறகு அந்தப் பேச்சை ரேடியோவிடம் வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

சமீபத்தில்தான் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் விலகி, பெங்களூருவில் ஆபரேஷன் செய்தார்கள். நிற்கலாம், நடக்கலாம், சமைக்கலாம். குனியவோ குத்துக்கால் போட்டு உட்காரவோ கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வாசல் தெளித்துக் கோலம் போடுவதைப் பக்கத்து வீட்டு நாராயணம்மா தானாகவே எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் பெருக்கவும் ஆள் அனுப்புகிறேன் என்றாள். அழகர்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. தங்கள் வீட்டுக் குப்பையை அடுத்தவர் அள்ள வேண்டாம் என்று தானே விளக்குமாற்றை எடுத்தார். ஆனால் அதற்கு முன்னால் தெருக்கதவைச் சாத்தினார், ஜன்னலைச் சாத்தினார், திரையையும் இழுத்துவிட்டார். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவருடைய கம்பெனிக்காரர்கள். பார்த்துவிட்டால் டீ இடைவேளையில் மானம் கப்பலேறிவிடும் என்று பயம்.

அந்தச் சாத்திய வீட்டுக்குள்தான் அதிசயம் நடந்தது. அவள் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, அங்கே கொஞ்சம், பீரோ ஓரத்தில் கொஞ்சம் என்று கை காட்டுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பெருக்குவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தரையைப் பார்த்தபடியே, "ஒனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நான் கேன்டீன்ல ஒரு தோசைய வாங்கி முன்னால வச்சுக்கிட்டு அழுதேன்" என்றார். ராஜலட்சுமி திகைத்துப்போனாள். மறுநாள் கம்பெனியில் பிரஸ் மிஷினில் விரல் போன சிநேகிதனைப் பற்றிச் சொன்னார். அதற்கும் மறுநாள், தனக்குப் பாம்பைவிடப் பல்லிதான் பயம் என்றார். தலை குனிந்திருந்தால்தான் அந்த மனுஷனுக்குப் பேச்சு வரும் என்பதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் வாய் பூட்டிக்கொள்ளும். இது தெரியாமல் இத்தனை வருஷமும் அவரை எதிரே உட்காரவைத்து முகத்துக்கு நேராகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது காலை விடிவதே அவளுக்கு அந்தப் பேச்சுக்காகத்தான்.

கன்றுக்குட்டி பாதியில் நின்ற அன்று சனிக்கிழமை. சாயங்காலம் மகள் மோகனப்ரியா வந்தாள். பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே ஹாஸ்டல், வாரக் கடைசிக்கு வீடு. அன்று ஆட்டோவிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளோடு இறங்கினாள். அவளோடு வேலை பார்க்கிற ஒருவன் அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது தானாக வீடு பெருக்கும் மிஷின் இரண்டு மாதிரி கொண்டுவந்திருக்கிறானாம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள், மற்றதைக் கொடுத்துவிடு என்றானாம்.

"இனிமே அப்பா கதவச் சாத்திக்கிட்டு வெளக்குமாத்த எடுக்க வேணாம்மா" என்றாள். எடுத்த எடுப்பில் போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அழகர்சாமியின் காது சிவந்துபோனது.

பெட்டியைப் பிரித்ததும் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். வட்டமாக, சப்பையாக, அடியில் இரண்டு சக்கரமும் சுழல்கிற பிரஷ்ஷுமாக இரண்டு மிஷின்கள். கறுப்பு கொஞ்சம் உயரம், தலையில் கைப்பிடி. வெள்ளை தாழ்வாக, பதுங்கின மாதிரி இருந்தது. அதற்குத் தனியாக ஒரு இருக்கை உண்டு. வேலை முடிந்ததும் தானே தேடிப்போய் அதில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். அமெரிக்கக் கரண்டும் நம் கரண்டும் ஒத்துவராது என்று கனமான டிரான்ஸ்பார்மர் பெட்டி ஒன்றும் கூடவே வந்திருந்தது. அழகர்சாமி இரண்டையும் கவிழ்த்துப்போட்டு, சக்கரத்தைச் சுற்றி, பிரஷ்ஷைக் கழற்றி மாட்டி, முகர்ந்துகூடப் பார்த்தார்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தார். கம்பெனியில் எந்த மிஷின் புதிதாக இறங்கினாலும் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது அவர் கையால்தான். வீட்டுக்கு வந்த மிஷினுக்கு மட்டும் வைக்காமல் விடுவாரா? சந்தனத்தைக் குழைத்தார். கறுப்புக்குத் தலை நடுவில் ஒரு பொட்டு. வெள்ளைக்கு முன்பக்கம், சரியாக நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், கறுப்புக் கண்ணாடியில் ஒரு குமிழ் இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி. சந்தனத்தைத் தாராளமாக அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். சூடம் காட்டிப் பொத்தானை அமுக்கினால், சக்கரம் பழத்தை நசுக்காமல் உருட்டிக்கொண்டே போனது. ஹால் பூராவும் பழம் முன்னால், மிஷின் பின்னால். மோகனப்ரியா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். ராஜலட்சுமியும்தான் சிரித்தாள், இடுப்பு வலிக்க வலிக்க. கன்றுக்குட்டி அப்போதைக்கு மறந்தேபோனது.

அந்த வாரம் அவளுக்குப் பொழுது போனதே தெரியவில்லை. அவர் வேலைக்குப் போனபிறகும் ஆசைக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பாள். துணி காயப்போடுகிற கம்பின் நுனியால் பொத்தானைத் தட்டினால் போதும், குனிய வேண்டியதில்லை. கறுப்பு முரட்டுப்பயல். சுவரில் முட்டுவான், திரும்புவான், நாற்காலிக் காலில் முட்டுவான். கட்டிலுக்கு அடியில் நுழையமுடியாமல் கைப்பிடி இடித்து நின்று, அசட்டுத்தனமாகப் பின்வாங்குவான். வெள்ளை நாசூக்குக்காரன். எங்கும் பதமாக நுழைந்து வருவான். இரண்டுக்குமே நிலைப்படி மட்டும் ஆகாது, தூக்கித்தான் அடுத்த அறையில் விடவேண்டும். ஆனால் வெள்ளைக்கு ஒரு கோளாறு. வேலை முடிந்ததும் வீடு போகத் தெரியவில்லை. இருக்கைக்குப் பக்கத்தில் வந்து, மோப்பம் பிடிக்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பி, கடைசியில் பூஜை அலமாரிக்குக் கீழே போய் உயிரை விட்டுவிடும்.

"வெள்ளைக்குப் புத்தி பத்தாது. கறுப்பையே வச்சுக்குவம்" என்று அழகர்சாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மோகனப்ரியா நடுவில் போன் செய்தபோது ராஜலட்சுமி இதைச் சொன்னாள்.

"முன்னாடி ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும்மா. அதாலதான் அது இருக்கையப் பாக்கும். தூசி கீசி படிஞ்சிருக்கா பாரு."

ராஜலட்சுமி எட்டிப் பார்த்தாள். "தூசியெல்லாம் இல்லடி. பொட்டுதான் இருக்கு."

மறுமுனையில் மகள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியதாயிற்று.

துடைப்பது லேசான காரியமாக இல்லை. குனியக்கூடாது. கால் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது, ஆனால் சாமிக் குங்குமத்தில் காலை வைப்பதா? சிவ சிவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதே கம்பின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றி, நின்றவாறே நெற்றியைத் துடைத்துவிட்டாள். பொத்தானைத் தட்டியதும் வெள்ளை ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, நேராக இருக்கைக்குப் போய் ஏறி உட்கார்ந்து பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டது. ராஜலட்சுமி தனியாக நின்று கை தட்டினாள்.

"ஏமி ராஜலட்சுமி, உள்ளார ஒத்தையில கை தட்டிட்டே கீறே, கல்யாணமா?" என்று நாராயணம்மா ஜன்னல் வழியாகக் கேட்டாள். ராஜலட்சுமி அவளை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். நாராயணம்மா மூக்கில் விரலை வைத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே இரண்டு சுற்று நடந்தாள்.

சாயங்காலம் இதைக் கேட்டு அழகர்சாமியும் சிரித்தார். "அடப்பாவமே, கண்ணத் தொறந்து வச்சிருந்தவனுக்கு நானே கண்ண மூடிட்டேனா" என்று பொட்டைப் பின்பக்கம் மாற்றி வைத்தார். அத்தோடு சரி. சிரிப்பு அடங்கியதும் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அங்கேதான் ராஜலட்சுமிக்கு மனசு சுருக்கென்றது.

மிஷின் வந்த நாளிலிருந்து காலையில் இப்படித்தான். பொத்தானைத் தட்டிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கதவு பப்பரப்பே என்று திறந்து கிடக்கிறது. போகிற வருகிற கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, உள்ளே வந்து பாருங்கள் என்று காட்டுகிறார். அவர் தோள் நிமிர்ந்திருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு திருடன் மாதிரி பெருக்கின மனுஷன், இப்போது ஊருக்கே எடுத்துக்காட்டாக உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவர் அவளிடம் தானாகப் பேசியது ஒரே ஒரு வார்த்தை. பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டிருந்த நீளமுடியை உருவிக்கொண்டே, தலையைக் குனிந்தபடி, "இம்புட்டு முடியா கொட்டுது ஒனக்கு? சொல்லவே இல்ல" என்றார். அதுவும் முடி தீர்ந்ததும் நின்றுபோயிற்று.

சோறு போடும்போது கேட்டுப் பார்த்தாள். "அந்தக் கன்னுக்குட்டி என்னங்க ஆச்சு?"

"எந்தக் கன்னுக்குட்டி? ஓ, அதுவா. அது ஒரு கத. பெறகு சொல்றேன். ரசம் ஊத்து."

இன்னொரு நாள் ஒரு வேலை செய்தாள். அவர் கிளம்புவதற்கு முன்னால் வேண்டுமென்றே ஒரு கை ரவையை ஹாலில் கொட்டினாள். அவசரத்துக்கு விளக்குமாற்றைத்தானே எடுப்பார் என்று ஒரு நப்பாசை. "இரு, நம்மாள விடுறேன்" என்று வெள்ளையைத் தட்டிவிட்டு அவர் சட்டைப் பொத்தான் போடப் போய்விட்டார். அது வந்து ஒரு மணி விடாமல் நக்கி எடுத்துவிட்டுப் போனது. ராஜலட்சுமிக்கு அதை ஒரு உதை விடலாமா என்றிருந்தது.

ஆறு பேர் படுத்த அறையில் கன்றுக்குட்டியை எங்கே கட்டினார்? யார் பால் கொடுத்தது? இவருக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அடுப்படியில் நின்றால் அதே நினைப்பு, படுத்தால் அதே நினைப்பு. ஒரு கன்றுக்குட்டியே இத்தனை வருஷம் வெளியே வராமல் இருந்திருக்கிறது என்றால், அந்த மனுஷனுக்குள் இன்னும் என்னென்ன கட்டிக் கிடக்குமோ? திரும்ப விளக்குமாற்றை எடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கதவைத் திரும்பச் சாத்துங்கள் என்று கேட்பதுபோல் ஆகிவிடாதா? மிஷின் நன்றாக இருக்கிறது, அதுதான் பிரச்சினை. நன்றாக இல்லையென்றால் ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பியிருப்பாள்.

சனிக்கிழமை மோகனப்ரியா வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்றைக் கையோடு திருப்பிக் கொண்டுபோகவேண்டும். "எதும்மா வச்சுக்கிற? கறுப்பா, வெள்ளையா?" என்று காலையில் எழுந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கேட்டால், "அம்மாவக் கேளு" என்றார். அம்மாவைக் கேட்டால், "பாப்போம்டி" என்றாள்.

கடைசியாக ஒரு தடவை வெள்ளையை ஓட்டிப் பார்ப்போம் என்று மோகனப்ரியா பொத்தானைத் தட்டிவிட்டுத் தலைக்குக் குளிக்கப் போனாள். ராஜலட்சுமி வழக்கம்போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அழகர்சாமி வாசலுக்குப் போக நாற்காலியைத் தூக்கினார்.

"இருங்க. இந்த மிஷின் வந்ததிலேருந்து நீங்க எங்கிட்டப் பேசுறதில்ல."

"பேசிக்கிட்டுத்தான இருக்கேன்."

"இல்லங்க. வெளக்குமாறு கையில இருந்தப்பதான் பேசுனீங்க. எனக்கு இது ரெண்டுல எது இருந்தாலும் ஒண்ணுதான். நீங்க பெருக்கணும்னு நான் சொல்லல. நீங்க கதவத் தொறந்து வச்சு உக்காந்திருக்கிறது எனக்கு எம்புட்டுச் சந்தோஷம் தெரியுமா? ஆனா அந்தப் பேச்சு எனக்கு வேணும். கல்யாணமாகி இப்பத்தான் ஒங்களப் பாத்த மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள போயிருச்சு."

அழகர்சாமி நாற்காலியைக் கீழே வைத்தார். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு, இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி கையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கேட்ட? கன்னுக்குட்டியா?"

"ஆமா."

"அது வந்து..." அவளைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது. "ஒரு கன்னுக்குட்டி" என்றார் மறுபடியும். அதற்குமேல் வரவில்லை. அவர் கண்களில் தெரிந்த தவிப்பைப் பார்த்து ராஜலட்சுமிக்கே பாவமாகிவிட்டது. விடுங்க, காபி போடுறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அந்த நேரம் வெள்ளை கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. உள்ளே எதையோ கவ்விக்கொண்டதுபோல அதன் சத்தம் மாறி, கரகரவென்று இழுத்தது. அழகர்சாமிக்கு உயிர் வந்தது. "போர்வ நூலு கீலு மாட்டியிருக்கும், இரு" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தரையில் குப்புறப் படுத்துத் தலையைக் கட்டிலுக்கு அடியில் விட்டார். தோள்வரைக்கும் உள்ளே, இடுப்பும் காலும் வெளியே. தெருக்கதவு திறந்துதான் கிடந்தது. ராஜலட்சுமி அதைப் பார்த்தாள், அவர் பார்க்கவில்லை.

"ஒரு துணிதான்" என்று அடியிலிருந்து குரல் வந்தது. கிழிகிற சத்தம்.

"காளக்கன்னு" என்றது குரல்.

ராஜலட்சுமி கட்டில் விளிம்புப் பக்கம் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.

"செவல நெறம். சந்த கலையிற நேரம். தாய்ப்பசுவ கர்நாடகாக்காரன் ஒருத்தன் வாங்கி லாரியில ஏத்திட்டான். காளக்கன்னு எதுக்குன்னு இத விட்டுட்டான். லாரி போனப்புறமும் அது அந்தத் தாரு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. கத்தக்கூட இல்ல. நான் அப்ப எங்க அம்மாகிட்டச் சொல்லாம ஓடியாந்தவன். ஒனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. வேலைக்கு எழுதிப் போட்டு வந்தேன்னுதான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லியிருக்கேன்..."

விடுபட்ட வெள்ளை கட்டிலின் மறுபக்கமாக வெளியே வந்தது. சுவரோரமாகவே போய், டி.வி. மேஜையைச் சுற்றி, இருக்கையைக் கண்டுபிடித்து ஏறியது. சத்தம் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. அழகர்சாமி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தார்.

"...கவுத்தப் பிடிச்சதும் எங்கூடவே வந்துருச்சு. சூளகிரிக்கு இந்தப்பக்கம் வரைக்கும் நடந்தே வந்தோம், நானும் அதுவும். அதுகிட்டதான் மொத மொத எங்க அம்மாவப் பத்திப் பேசுனேன்..."

வாசலில் கோலப்பொடி டப்பாவோடு வந்த நாராயணம்மா, கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு, தலையில் துண்டைச் சுற்றியவாறே மோகனப்ரியா வந்தாள். "அம்மா, முடிவா எதும்மா? நான் பெட்டியில போடணும்ல?"

ராஜலட்சுமி கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், ஒரு விரலை உதட்டின்மேல் வைத்து இருவரையும் பார்த்தாள். பிறகு கட்டில் கிறீச்சிட்டுவிடக்கூடாதே என்று, இரண்டு கால்களையும் மெதுவாக, மிக மெதுவாக மேலே எடுத்து வைத்துக்கொண்டாள்.